காதுகுத்துப் படத்திலிருந்து எடுத்த முகம்

எட்டாவதோடு படிப்பை விட்ட நான், சிதம்பரத்தில் ஒரு ஸ்டூடியோவில் கல்யாண ஆல்பம் டிசைன் செய்துகொண்டிருந்தேன். கம்ப்யூட்டரில் இரண்டு படங்களை ஒன்றுக்குள் ஒன்று கரைப்பதைக் கடையில் ‘மிக்ஸிங்’ என்போம். மணப்பெண்ணின் முகத்துக்குள் கோபுரம் தெரியும். தாலி கட்டும் கைமேல் ரோஜா மிதக்கும்.

சுனாமி வந்து நாலைந்து வருஷம் ஆகியிருக்கும். தேவனாம்பட்டினத்திலிருந்து ஒரு அம்மாவும் மகளும் வந்தார்கள். சிதம்பரத்தில், மாப்பிள்ளை ஊரில் நடந்த அந்த மகளின் கல்யாணத்தை எடுத்தது எங்கள் கடைதான். அப்பாவைக் கடல் கொண்டுபோயிருந்தது; வீட்டிலிருந்த படங்களையும்தான். பக்கத்து வீட்டுக் காதுகுத்துப் படம் ஒன்றில், கூட்டத்துக்குப் பின்னால் அவர் சிரித்துக்கொண்டு நின்றார். முகம் சுண்டுவிரல் நகம் அளவு. அதைக் கேட்டு வாங்கி வந்திருந்தார்கள்.

“ஆல்பத்துல அவரும் இருக்கணும் தம்பி,” என்றார் அந்த அம்மா.

ஸ்கேன் செய்து பெரிதாக்கினேன். பின்னணிக்கு வழக்கமாக வைக்கும் கடல் படத்தை அவர்கள் கண்ணில் படாமல் மூடினேன். மகள் தலைகுனிந்து நின்ற படத்தில், அவள் கூந்தலும் பாதி முகமும் சேர்ந்த இடத்தில் அவரை மங்கலாக வைத்தேன். இறந்தவர்களை அப்படித்தான் வைப்போம்.

“ஏன் இப்டி வெளுத்துட்ட? அவரு நல்ல கறுப்பு. என்னைப் பொண்ணு பாக்க வந்தப்ப கரண்டு இல்ல. பல்லு மட்டுந்தான் தெரிஞ்சுது.”

அழுத்தம் கூட்டினேன். அவர் தெளியத் தெளிய மகள் மறைந்தாள்.

“ஏம்மா, கல்யாணம் எனக்கா, அவருக்கா?” என்றாள் மகள்.

அவள் கண் மறைந்தபோது அந்த அம்மா பதறினார். “எறக்குப்பா… இன்னும் எறக்கு. போதும். எங்களுக்குத் தெரியுதுல்ல.”

அவர்கள் போனதும் எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. திரையில் தெரிகிற மங்கல் தாளில் நிற்காது. கொஞ்சம் ஏற்றினேன், இறக்கினேன், மறுபடி ஏற்றினேன்.

“நீ கவலப்பட்டா மிஷின் நல்லா அடிச்சிருமா? அனுப்புடா,” என்றார் முதலாளி. அந்த அம்மா நிறுத்தச் சொன்ன அளவிலேயே வைத்து அச்சுக்கு அனுப்பினேன்.

ஆல்பம் வந்தது. டியூப்லைட்டில் பார்த்தேன், வாசல் வெயிலில் பார்த்தேன். அவர் இல்லை. கூந்தல் கறுப்பில் முகம் முழுதும் கரைந்து, பல் இருந்த இடத்தில் வெள்ளையாய் ஒரு கீற்று மட்டும் கிடந்தது.

வாங்கிப்போக வந்தவர்களிடம், “மறுபடி அடிச்சுத் தர்றம்மா,” என்று நான் தொடங்குவதற்குள் அந்த அம்மா அந்தப் பக்கத்தைத் திருப்பியிருந்தார். கீற்றின் மேல் விரலை வைத்தார். வெகுநேரம் எடுக்கவில்லை.

“அன்னைக்கும் இப்டித்தான்டி இருந்தாரு,” என்றார் மகளிடம்.

மறுபடி அடிக்க விடவில்லை.