மட்டாஞ்சேரியில் ஒடிந்த டங்ஸ்டன் கம்பி

போன சனிக்கிழமை நான் மட்டாஞ்சேரிக்குப் போனது ஊர் சுற்றிப் பார்க்க அல்ல. என்னோடு உலோகவியல் படித்த மாலினி அங்கே ஒரு சிறிய பட்டறை நடத்துகிறாள். கடைசல் இயந்திரங்களில் அதிர்வைக் குறைக்கும் கனமான டங்ஸ்டன் கலவைக் கம்பிகள் செய்கிறாள். அவளுடைய ஒரே பெரிய வாடிக்கையாளர் இன்னும் கடினமான கம்பி வேண்டும் என்று கேட்டுவிட்டார். நான்கு கலவைகள் தோற்றுப்போயின. "அஞ்சாவதும் போச்சுன்னா மூடிடுவேன். டெஸ்ட் பண்ணும்போது நீ கூட இரு" என்று போனில் சொன்னாள்.

கோவையிலிருந்து ஆலுவாவுக்கு ரயிலில் மூன்றரை மணி நேரம். அங்கிருந்து மெட்ரோவில் எறணாகுளம், பிறகு படகு. படகு வெயிலுக்கு இதம். நெரிசலான பாலத்தைவிட எவ்வளவோ மேல். மட்டாஞ்சேரியில் இறங்கியதும் ஆட்டோக்காரர், "கொட்டாரம் பாக்கவா?" என்றார், அங்குள்ள அரண்மனையைச் சொல்லி. "இல்ல சேட்டா, பஜார் ரோட்டுக்குப் பின்னால ஒரு பட்டறை." "அங்க டூரிஸ்ட் ஆரும் போகாதே!" என்றபடி வண்டியைக் கிளப்பினார்.

வெறும் டங்ஸ்டன் அடித்தால் உடையும். கொஞ்சம் நிக்கலும் இரும்பும் சேர்த்துச் சூளையில் வைத்தால், அவை உருகி, உருகாத டங்ஸ்டன் மணிகளைச் சுற்றிப் படர்ந்து பிணைக்கும். கம்பி ஓரளவு வளைவது அந்தப் பிணைப்பால்தான். மாலிப்டினம் என்ற இன்னொரு உலோகத்தையும் சேர்த்தால் மணிகள் சிறுத்துக் கடினம் ஏறும், வளைவு குறையும். அளவு மீறினால் பிணைப்பே நொறுங்கும் தன்மைக்குப் போய்விடும். வாடிக்கையாளருக்கோ கடினம், வளைவு இரண்டும் வேண்டும். ஐந்தாவது கலவையில் மாலினி மாலிப்டினத்தை நான்காவதில் போட்டதில் பாதியாகக் குறைத்திருந்தாள்.

கம்பியை அழுத்தும் இயந்திரத்தில் பொருத்தினோம். அழுத்தம் காட்டும் முள் ஏறியது. கம்பி லேசாக வளைந்தது. "வளையறது, பாத்தியா!" என்று என் கையைப் பிடித்தாள். வேண்டிய வளைவில் பாதிகூட வரவில்லை, டப்பென்று ஒடிந்தது.

கம்பியின் ஒடிந்த முனையை லென்ஸில் வெகுநேரம் பார்த்தாள். "மணி ஒண்ணும் உடையலே. நடுவுல பிடிச்சிருந்ததுதான் விட்டிருக்கு."

"மாலிப்டினத்த இன்னும் குறைச்சுப் பாக்கலாமா?"

"குறைச்சா பழைய கம்பிதான் வரும். அது வேண்டாம்னுதானே அவர் சொன்னார்? எனக்கு மதியாச்சு, போதும்."

சூளையின் மெயின் சுவிட்சை அணைத்தாள். சாயா வாங்கி வந்தோம், இருவரும் குடிக்கவில்லை. திங்கட்கிழமை காக்கநாட்டில் ஒரு நேர்காணலாம், அலுவலக வேலைக்கு. "அங்க உலோகம்னு இருக்கறது மேஜை காலு மாத்திரம்" என்று சிரிக்கப் பார்த்தாள். முடியவில்லை, முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கம்பி ஏன் ஒடிந்தது என்று எனக்கு நன்றாகத் தெரியும். அந்த அறிவால் அவளுக்கு ஒரு பயனும் இல்லை.

போக நினைப்பவர்களுக்கு: பஜார் ரோட்டில் சரக்கு லாரிகள் வழியை அடைத்து நிற்கும், நடந்தே போங்கள். தண்ணீர் பாட்டிலும் குடையும் அவசியம். கஷ்டத்தில் இருக்கும் ஒருவரைப் பார்க்கப் போகிறீர்கள் என்றால், திரும்பும் ரயில் டிக்கெட்டை முன்கூட்டியே எடுக்காதீர்கள். நான் எடுத்திருந்தேன். அதனால் ஐந்து மணிப் படகைப் பிடிக்க, அவளைப் பட்டறை வாசலில் தனியாக விட்டுவிட்டு வந்தேன்.