எல்லாரும் உட்காரும் பத்து நிமிடம்

அவளுக்குப் பட்டாணி என்று பெயர் வைத்தவள் நான்தான். பயிற்சிக்குச் சேர்ந்த முதல் வாரம், குள்ளமாக, உருண்டையாக, வார்டின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் அவள் ஓடிய ஓட்டத்தைப் பார்த்து வாயில் வந்ததைச் சொன்னேன், ஒட்டிக்கொண்டது. பதிலுக்கு அவள் எனக்கு வெடி என்று வைத்தாள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது ஊரறிந்த விஷயம், ஆகையால் அதுவும் ஒட்டிக்கொண்டது. இருபத்து மூன்று வருடம் ஒரே மருத்துவமனையில் நர்ஸ் வேலை பார்க்கிறோம், பெரும்பாலும் ஒரே வார்டில்.

பட்டாணியின் வீட்டுக்காரர் தங்கமான மனிதர். வாயைத் திறந்தால் கொட்டாவி மட்டும்தான் வரும். ஒரே மகளும் வேலை கிடைத்து வெளிநாடு போய்விட்டாள். ஞாயிற்றுக்கிழமை போனில் "சாப்டியாம்மா?" என்று கேட்பதோடு சரி. அதனால் பட்டாணி பேசியது, சிரித்தது, அழுதது எல்லாமே எங்கள் ரிப்போர்ட் அறையில்தான்.

வார்டின் கோடியில் இருக்கும் சின்ன அறை அது. கதவில் கை அகலத்துக்கு ஒரு கண்ணாடி, உள்ளே ஏழெட்டு நாற்காலிகள், தண்ணீர் கொதிக்க வைக்க ஒரு கெட்டில். மதியம் இரண்டு மணிக்குக் காலை டூட்டிக்காரர்கள் அடுத்த டூட்டிக்காரர்களிடம் நோயாளிகளை ஒப்படைக்க வேண்டும். அதற்குத்தான் ரிப்போர்ட் என்று பெயர். கதவைச் சாத்திக்கொண்டு, ஷூவைக் கழற்றிப் போட்டுவிட்டு, ஒன்றாம் பெட்டிலிருந்து இருபதாம் பெட் வரை சொல்லிக்கொண்டே போவோம். நடுநடுவே மாமியார் கதை, பிள்ளைகள் கதை. பெரிய டாக்டர் ரவுண்ட்ஸ் வருவதைப் பட்டாணி நடித்துக் காட்டினால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்போம். அந்தக் கால் மணி நேரமும் வார்டில் ஒரு நர்ஸ்கூட இல்லை என்பது எங்களில் ஒருத்திக்கும் உறைக்கவில்லை.

இரண்டு வருடத்துக்கு முன்னால் அவளை வார்டு இன்சார்ஜ் ஆக்கினார்கள். டூட்டி நேரம் ஒன்பதிலிருந்து ஐந்து என்று ஆனது. நான் இரண்டேகாலுக்குப் பஸ் பிடித்துவிடுவேன். அதற்கப்புறம் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்தது அந்தக் கால் மணி நேரம் மட்டும்தான். நாற்காலியை இழுத்துப் போட்டு எப்போதும்போல என் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வாள்.

அப்போதுதான் தையல்காரர் விஷயம் நடந்தது. பதினோராம் பெட்டில் இருந்தார், சாதுவான மனிதர். "பதினொண்ணு நல்லா இருக்கார், ட்ரிப்ஸ் ஓடுது" என்று ரிப்போர்ட் சொல்லிவிட்டு நான் வீட்டுக்குப் போய்விட்டேன். உண்மையில் பன்னிரண்டு மணிக்கு மேல் நான் அவர் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஊசி நரம்பை விட்டு விலகி, மருந்தெல்லாம் தோலுக்கடியில் இறங்கி, வலது கை முழங்கை வரை வீங்கிக் கிடந்திருக்கிறது. நாலு மணிக்குத்தான் கண்டுபிடித்தார்கள். ஒரு மாதத்துக்கு அந்த மனிதரால் கத்தரிக்கோலுக்குள் விரலை விட முடியவில்லை.

மேலிடத்தில் யார் டூட்டி என்று கேட்டார்களாம். "என் வார்டு, என் பொறுப்பு" என்று சொல்லி மெமோவைப் பட்டாணி வாங்கிக்கொண்டாள். ஆபீஸ் கிளார்க் சொல்லித்தான் எனக்கே தெரியும். என்னிடம் அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால் அழுது தீர்த்திருப்பேன்.

அடுத்த திங்கட்கிழமை அவள் கையெழுத்தில் அறிவிப்பு ஒட்டியிருந்தது. இனி ரிப்போர்ட் அறையில் கிடையாது. ஒவ்வொரு பெட்டாகப் போய், நோயாளி முன்னால் நின்று, கையையும் ஊசியையும் பார்த்துச் சொல்ல வேண்டும். இரண்டு டூட்டிக்காரர்களும் பெட்டுக்கு ஒரு கையெழுத்துப் போட வேண்டும். வார்டில் ஒரு நிமிடம்கூட ஆளில்லாமல் இருக்கக் கூடாது.

முதலில் குதித்தவள் நான்தான். "மனுஷங்கள முன்னாடி வச்சிக்கிட்டு அவங்களப் பத்தியே பேசுறதா? கண்காட்சியா நடத்துறோம்?" என்று எல்லாரையும் கிளப்பிவிட்டேன். சொன்ன காரணம் அது. உள்ளே இருந்த காரணம் வேறு. ஒவ்வொரு பெட்டுக்கும் போட வேண்டியிருந்த கையெழுத்து ஒவ்வொன்றும் என் தப்பைத்தான் எனக்குச் சொல்லிக் காட்டியது. அன்றிலிருந்து அவளை "சிஸ்டர்" என்று கூப்பிட ஆரம்பித்தேன், வாங்க போங்க என்று. அது எவ்வளவு வலிக்கும் என்று தெரிந்தேதான் செய்தேன்.

ஓட்டமும் நடையுமாக இருபது பெட்டையும் நாலு நிமிடத்தில் முடித்துவிட்டு, அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு பழையபடி ரிப்போர்ட் கொடுத்தோம். எங்கள் பக்கத்துக் குறிப்பை எழுதி, கையெழுத்தையும் காலையிலேயே மொத்தமாகப் போட்டு வைத்துவிடுவோம். ஒருநாள் பட்டாணி ஒரு தாளை எடுத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"பதினாலாம் பெட் நல்லாத் தூங்குது, வலி இல்லன்னு எழுதியிருக்கு."

"ஆமா சிஸ்டர்" என்றேன்.

"பதினாலு ரெண்டு நாளா காலி. பெட்டுக்கு வலி இல்லன்னு கேட்டுத் தெரிஞ்சிக்கிட்டீங்களா?"

எல்லாரும் சிரித்துவிட்டோம். அவளும் சிரித்தாள், பழைய சிரிப்பு. அப்புறம் அவள் முகம் மாறியது. அறையைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டாள்.

அதற்கப்புறம் பதினைந்து நாள் யாரும் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. இரண்டு பேர் உடம்பு சரியில்லை என்று லீவு போட்டார்கள், உடம்புக்கு ஒன்றுமில்லாமலே. பதினாறாம் நாள் நான் அவள் மேஜை முன்னால் போய் நின்று வெடித்தேன்.

"எட்டு மணி நேரம் நிக்கிறோம் சிஸ்டர். நீங்க ரிப்போர்ட்ட மட்டும் எடுக்கல, எங்க கால் மணி நேரத்தையும் சேர்த்து எடுத்துட்டீங்க. நாங்க உக்கார்றது அது ஒண்ணுதான்!"

கத்தி முடித்தபோது எனக்கே மூச்சு வாங்கியது. அவள் பேனாவை மூடி வைத்தாள்.

"இத முதல் நாளே சொல்லியிருக்கலாமே" என்றாள்.

மறுநாள் அறை திறந்திருந்தது. பெட் பெட்டாக ரிப்போர்ட் முடிந்ததும் இரண்டு டூட்டிக்காரர்களும் உள்ளே போய்ப் பத்து நிமிடம் உட்காரலாம், நோயாளிகளைப் பற்றிப் பேசாமல். யாரும் விட்டுப்போகாமல் எல்லாரும் உட்கார வேண்டும், அது அவள் எங்களுக்குக் கொடுத்த வாக்கு. அதுவரை வார்டை அவள் பார்த்துக்கொள்வாள்.

அதோடு சண்டை ஓய்ந்தது. எனக்கு மட்டும் கோபம் தணிய இன்னும் ஒரு வாரம் பிடித்தது. ஆறாம் பெட்டில் நின்று ஒரு மாத்திரையின் பெயரைச் சொன்னேன். படுத்திருந்த பஸ் கண்டக்டர் தலையைத் தூக்கி, "அதக் காலைலயே டாக்டர் நிறுத்திட்டாரும்மா. நீங்க அப்ப மூணாம் பெட்டுல இருந்தீங்க" என்றார். தாளைப் பார்த்தேன். நிறுத்தித்தான் இருந்தது. மூடிய அறையில் சொல்லியிருந்தால் மாத்திரை அவர் வாய்க்குப் போயிருக்கும்.

அன்றைக்குத் துணி அலமாரிக்குப் பக்கத்தில் அவளைப் பிடித்து நிறுத்தினேன். "தையல்காரர் விஷயம்... நான் அன்னைக்குப் பன்னெண்டுக்கு மேல அவரப் பாக்கவே இல்லடி."

"தெரியும், விடு." அவள் படுக்கை விரிப்புகளை எண்ணிக்கொண்டிருந்தாள். எண்ணி முடித்துவிட்டு மெதுவாகக் கேட்டாள். "இன்னைக்கு உள்ள ஏதோ பெரிய சிரிப்பாக் கேட்டுச்சே, என்னடி அது?"

சொன்னேன். சிரிப்பு ஆறிப்போன கதை அது. அவள் தேவைக்கு மேலேயே சிரித்தாள். எங்கள் எல்லாருக்கும் உட்கார இடம் வாங்கிக் கொடுத்துவிட்டு அவள் மட்டும் வெளியே நிற்கிறாள் என்பதை அந்த நிமிடம்தான் முழுசாகப் பார்த்தேன்.

மறுநாள் ரிப்போர்ட் முடிந்ததும் கதவுக்கு முன்னால் வழியை மறித்து நின்றேன். "இன்னைக்கு வார்ட நான் பாத்துக்கறேன். நீ உள்ள போ."

"எல்லாரும் உக்காரணும்னு வாக்குக் குடுத்திருக்கேன்."

"நான் ஒருத்தி நின்னா வானம் இடிஞ்சு விழாது. போடி பட்டாணி."

தலைமுடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிக்கொண்டாள். கல்யாண வீட்டுக்குப் போகிறவளைப் போல ஒரு வேகம். கதவு சாத்திக்கொண்டது. நான் கண்ணாடி வழியாகப் பார்த்தேன், பார்க்காமல் இருந்திருக்கலாம்.

எல்லாரும் எழுந்து நின்றார்கள். கதை சொல்லிக்கொண்டிருந்த சின்னப் பெண் பாதியில் நிறுத்திக்கொண்டு அவசரமாக ஷூவுக்குள் காலை நுழைத்தாள். ஒருத்தி நாற்காலியைத் துடைத்து நகர்த்திப் போட்டாள். பட்டாணி உட்கார்ந்து எல்லாரையும் உட்காரச் சொல்லிக் கையைக் காட்டினாள். விளிம்பில் உட்கார்ந்தார்கள். அவள் ஏதோ கேட்டாள், ஒருத்தி பதில் சொன்னாள், அதற்கப்புறம் யார் வாயும் அசையவில்லை. அவளும் சுவரைப் பார்த்தாள். டீயைக் கொண்டுவந்து இரண்டு கையாலும் நீட்டினார்கள்.

மூன்று நிமிடத்தில் வெளியே வந்துவிட்டாள்.

"நல்லா இருந்துச்சுடி. ரொம்ப நாளாச்சு இப்படிச் சிரிச்சு" என்றாள்.

நான் கண்ணாடி வழியாகப் பார்த்ததைச் சொல்லவில்லை. அவளுக்கு ஏக்கம் அந்த அறை மேல் இல்லை என்று அப்போது எனக்குப் புரிந்தது. பக்கத்து நாற்காலியில் அவளைப் பட்டாணி என்று கூப்பிடும் நான் இருக்க வேண்டும், அவ்வளவுதான். எனக்கும் அதேதான் வேண்டும். ஆனால் அவள் உள்ளே இருந்தால் வார்டை நான் பார்க்க வேண்டும், நான் உள்ளே இருந்தால் அவள் பார்க்க வேண்டும். சின்னப் பெண்களில் ஒருத்தியை நிற்கச் சொல்லலாம் என்றால், பட்டாணி வாக்குத் தவற மாட்டாள்.

அடுத்த நாளிலிருந்து நானும் உள்ளே போவதில்லை. "போய் உக்காரு" என்று விரட்டினாள். உட்கார்ந்தால் இடுப்பு பிடித்துக்கொள்கிறது என்றேன். அவள் நம்பவில்லை, ஆனால் விட்டுவிட்டாள். வார்டுக்குள் நர்ஸ்கள் கூடி நின்று அரட்டை அடிக்கக் கூடாது என்றும் அவள் ஒரு விதி போட்டிருக்கிறாள். அதனால் அவள் ஒன்றாம் பெட் பக்கம் நிற்கிறாள், நான் இருபதாம் பெட் பக்கம் நிற்கிறேன். அறைக்குள் சிரிப்புக் கிளம்பும்போது இரண்டு பேரும் ஒரே நேரத்தில் நிமிர்ந்து ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்கிறோம். பத்து நிமிடம் முடிந்ததும் அவள் மேஜைக்குப் போகிறாள், நான் பஸ்ஸுக்குப் போகிறேன்.