எல்ஸ்பெத் இடப்பக்கம் திரும்பினாள்

எல்ஸ்பெத் மக்வீனுக்கு வாரத்தில் ஒரே ஒரு நாள்தான் நாள். மற்றதெல்லாம் சனிக்கிழமைக்குப் போகிற வழி. திங்கள் முதல் வெள்ளி வரை பெய்ஸ்லியில் பஸ் ஓட்டினாள். ஆஸ்பத்திரி, கடைத்தெரு, ரயிலடி, மறுபடியும் ஆஸ்பத்திரி. கை ஸ்டீயரிங்கைப் பிடித்திருக்கும், ஆள் அங்கே இருக்க மாட்டாள். சிவப்பு விளக்கில் நிற்கும்போது, மழை வழியும் கண்ணாடிக்கு அப்பால், வங்கிக் கட்டடம் இருக்கவேண்டிய இடத்தில் ஏதோ ஒரு மலையின் தோள் எழும்பும். அதன்மேல் மேகம் சோம்பலாகப் படுத்திருக்கும். அந்த மேகத்துக்குள் அவள் நடந்துகொண்டிருப்பாள். புல்லின் ஈர வாசனைகூட வரும்.

"ஏம்மா, பச்சை விழுந்து எவ்ளோ நேரமாச்சு! இப்போ எந்த மலையில இருக்க?" என்று பின் சீட்டிலிருந்து ஒரு கிழவி குரல் கொடுப்பாள்.

"இறங்கிட்டேன் பாட்டி, இதோ இறங்கிட்டேன்."

பஸ் கிளம்பும். அந்தத் தடத்தில் போகிறவர்களுக்கெல்லாம் அவள் பைத்தியம் பழகிப் போயிருந்தது.

பைத்தியம்தான், வேறென்ன சொல்ல? ஸ்காட்லாந்தில் மூவாயிரம் அடியைத் தாண்டி நிற்கும் மலைக்கு மன்றோ என்று பேர். முன்னூறுக்குக் கொஞ்சம் குறைவாக இருக்கின்றன. அத்தனையையும் ஏறி முடித்தே தீருவேன் என்று கிளம்பும் கூட்டம் ஒன்று இந்த ஊரில் உண்டு. வாரமெல்லாம் உழைத்துவிட்டு, போர்த்திக்கொண்டு தூங்கவேண்டிய சனிக்கிழமையில் எழுந்து, மழைக்குள் தலையை நீட்டிக்கொண்டு போவார்கள். எதற்கென்று கேட்டால் அவர்களுக்கே சொல்லத் தெரியாது. பரிசு கிடையாது. மிஞ்சுவது ஈரக் காலுறைதான்.

எல்ஸ்பெத் இதில் விழுந்தது அவள் புருஷன் ராபின் புண்ணியத்தில். ஏர் என்ற ஊரில் மீனும் வறுவலும் விற்கும் கடைக்காரி ஒருத்தியோடு அவன் போய்விட்டான். எல்ஸ்பெத் ஒரு குளிர்காலம் முழுக்க அழுதாள். வசந்தம் வந்ததும், ஒரு விடுமுறை நாளில், வேறு யாராவது ஓட்டுகிற பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து எங்கேயாவது போகவேண்டும் போலிருந்தது. பஸ் ஆரோக்கரில் நின்றது. முன்னால் கடல்நீர் ஏரி, அதற்கப்பால் ஒரு மலை. வேலைக்குப் போடும் செருப்போடு அதில் ஏறத் தொடங்கினாள். பாதியில் மழை பிடித்துக்கொண்டது. ஒதுங்கப் போன பாறை மறைவில், சிவப்புக் குல்லாய் போட்ட ஒருவன் ஏற்கெனவே உட்கார்ந்து, மாவுக்குள் இறைச்சி வைத்துச் சுட்ட 'பை' ஒன்றைத் தின்றுகொண்டிருந்தான்.

"பாதி வேணுமா?" என்றான். "சூடும் இல்ல, ருசியும் இல்ல. ஆனா நீ தின்னா எனக்குச் சுமை குறையும்."

அவள் சிரித்துவிட்டாள். சிரிப்பு வந்ததே அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது.

அவன்தான் ஃபோர்ப்ஸ் கில்கிறிஸ்ட். கிளாஸ்கோவில் வீடு வீடாகப் போய்த் தரைக்கு டைல்ஸ் ஒட்டுகிறவன். மனைவி செத்துப் போய்ச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. அடுத்த சனிக்கிழமை அவனுடைய பழைய வேன் அவள் வாசலில் வந்து நின்றது. அதற்கடுத்த சனிக்கிழமையும் நின்றது. பிறகு அது நிற்காத சனிக்கிழமை என்று ஒன்று இருந்ததாக அவளுக்கு ஞாபகமே இல்லாமல் போயிற்று.

பேசினார்களா என்றால், பேசினார்கள். மழை எந்தத் திசையிலிருந்து வரும், யாருடைய பூட்ஸ் ஒழுகுகிறது, ரொட்டிக்குள் இன்றைக்கு முட்டையா சீஸா. இதைத் தாண்டி இரண்டு பேர் வாயும் திறக்கவில்லை. வார நாளில் ஒருமுறைகூடச் சந்தித்ததில்லை. அவன் வீட்டுக் கதவு என்ன நிறம் என்று அவளுக்குத் தெரியாது. ஆனால் மூடுபனிக்குள் முப்பது அடி முன்னால் போகிற அவன் முதுகை எந்தக் கூட்டத்திலும் அடையாளம் சொல்லிவிடுவாள். இப்படியும் ஒரு சிநேகம் உண்டு, மலைக்குப் போகிறவர்களிடம் மட்டும்.

ஃபோர்ப்ஸ் தன் கணக்குக்கு உண்டான மலைகளையெல்லாம் எப்போதோ ஏறி முடித்துவிட்டான். முடித்த பிறகும் அவளுக்காக மறுபடி அதே மலைகளுக்கு வந்தான். முடித்தவனே திரும்ப ஏறுகிறான் என்றால் இவனுக்கு மலைமேல் எவ்வளவு ஆசை இருக்கவேண்டும் என்று எல்ஸ்பெத் நினைத்துக்கொள்வாள்.

கடைசியில் அவளுக்கும் ஒன்றே ஒன்றுதான் பாக்கி நின்றது. பென் ஆர்கின்.

அதை அவள் தள்ளிப் போட்டாள். மழை என்றாள், காய்ச்சல் என்றாள், மான் வேட்டைக்காரர்கள் சுற்றுகிறார்கள் என்றாள். உண்மை வேறு. பென் ஆர்கின் முடிந்துவிட்டால் ஃபோர்ப்ஸ் எதற்காக வரவேண்டும்? வேன் வந்து நிற்க என்ன காரணம் இருக்கும்?  பஸ்ஸில் கனவு காணும்போதுகூட மற்ற எல்லா மலையும் வரும், பென் ஆர்கின் மட்டும் வராது.

தங்கை செங்காதான் பொறுக்க மாட்டாமல் நாள் குறித்தாள். "உன் ஒத்த மலைக்காக நான் வருஷா வருஷம் கேக் செய்றேன்னு சொல்லிச் சொல்லி வாய் வலிக்குது. செப்டம்பர் கடைசிச் சனிக்கிழமை. வரலைன்னா கேக்கை நானே தின்னுடுவேன், பார்த்துக்கோ."

அப்படித்தான் அந்தச் சனிக்கிழமை பென் ஆர்கின் அடிவாரத்தில் பத்துப் பன்னிரண்டு பேர் கூடினார்கள். ஊர் நடைக்குழுவின் தலைவரான தபால்காரர் இன்னிஸ், விஸ்கி பாட்டிலைக் கைக்குழந்தை மாதிரி சால்வையில் சுற்றி எடுத்து வந்திருந்தார். செங்கா பூப்போட்ட ஷூவில் வந்து நின்றாள்.

"இதைப் போட்டுக்கிட்டா மலை ஏறப் போற?" என்றார் இன்னிஸ்.

"ஏன், மலைக்குப் பூ பிடிக்காதா?"

கடைசி மலைக்கென்று இங்கே ஒரு வழக்கம் இருக்கிறது. முடிக்கிறவர்தான் முன்னால் போகவேண்டும். மற்றவர்கள் பின்னால். உச்சியில் கற்குவியலைத் தொடுவதும் அவர்தான் முதலில். இன்னிஸின் குழுவில் இன்னொன்றும் சேர்த்திருந்தார்கள். வழி காட்டுகிறவரை அன்றைக்கு யாரும் திருத்தக் கூடாது, போனை வெளியே எடுத்து இடம் பார்க்கவும் கூடாது. அது அவமரியாதை.

ஆகவே எல்ஸ்பெத் முன்னால் நடந்தாள். பெரணிச்செடிகள் துருப்பிடித்த நிறத்துக்கு மாறியிருந்தன. கொஞ்ச நேரத்தில் மேகம் இறங்கி வந்து எல்லாரையும் வாங்கிக்கொண்டது. பின்னால் வருகிறவர்களின் பேச்சு பஞ்சுக்குள் போனதுபோல அமுங்கியது. எங்கிருந்தோ ஒரு கலைமான் அடித்தொண்டையில் கூப்பிட்டது. பதில் இல்லை. மறுபடியும் கூப்பிட்டது. தான் நடக்கிறோமா, மலைதான் தன் காலுக்கடியில் மெதுவாகப் பின்னால் போகிறதா என்று அவளுக்குத் தெரியவில்லை. இப்படியே போய்க்கொண்டிருக்கக் கூடாதா? உச்சி என்று ஒன்று வராமலே இருந்துவிடக் கூடாதா?

சின்னக் குளம் ஒன்று வந்தது. தண்ணீர் எங்கே முடிகிறது, மேகம் எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியவில்லை. பென் ஆர்கினுக்கு இரண்டு தலை. குளத்திலிருந்து வலப்பக்கம் போனால் உச்சி. இடப்பக்கம் போனால் அதைவிடக் கொஞ்சம் தணிந்த இன்னொரு மேடு, அதிலும் ஒரு கற்குவியல் உண்டு. வரைபடம் முழுக்க அவளுக்கு மனப்பாடம்.

எல்ஸ்பெத் இடப்பக்கம் திரும்பினாள்.

யோசித்துச் செய்தாள் என்று சொல்ல முடியாது. கால் திரும்பியது, அவள் அதைத் தடுக்கவில்லை. பின்னால் எல்லாரும் வந்தார்கள்.

மேட்டின்மேல் ஊன்றுகோல்களைத் தூக்கிப் பந்தல்போலப் பிடித்தார்கள். அதனடியில் குனிந்து போய் எல்ஸ்பெத் கல்லைத் தொட்டாள். ஆரவாரம். விஸ்கி சுற்றி வந்தது. கேக் செங்காவின் பைக்குள் சப்பையாகிப் போயிருந்தது, ஆனாலும் விரலால் வழித்துத் தின்றார்கள். செங்கா அக்காவைக் கட்டிக்கொண்டு விசும்பி விசும்பி அழுதாள். எல்ஸ்பெத்துக்கு எல்லாம் வேறு யாருக்கோ நடக்கிறதுபோல இருந்தது. வெட்கமாக இருந்தது, நிம்மதியாகவும் இருந்தது. ஃபோர்ப்ஸ் ஒரு கல்லில் உட்கார்ந்து பிளாஸ்க் மூடியை அவளைப் பார்த்து உயர்த்தினான். 

அப்போது காற்று திசை மாறியது. மேகம் யாரோ திரையை விலக்குவதுபோல ஒதுங்கியது. எதிரே, ஒரு பள்ளத்துக்கு அப்பால், பென் ஆர்கினின் நிஜத் தலை குளித்துத் துவட்டிய கோலத்தில் வெயிலில் நின்றது. உச்சியில் கற்குவியல் பளிச்சென்று தெரிந்தது. குழந்தைகூடச் சொல்லிவிடும், அதுதான் உயரம்.



"அடக் கடவுளே," என்றார் இன்னிஸ். "அங்க ஒண்ணு நிக்குதே!"

"அப்போ நான் அழுததெல்லாம்?" என்றாள் செங்கா.

"அதைத் திரும்ப வாங்கிக்க முடியாது. பாட்டிலும் காலி."

"நான் இங்கேர்ந்து ஒரு அடி நகர மாட்டேன். குதிகால்ல தோல் உரிஞ்சு தொங்குது. அவ போய்த் தொட்டுட்டு வரட்டும், நான் இங்கேர்ந்தே கை தட்டுறேன்."

எல்லாரும் சிரித்தார்கள். எல்ஸ்பெத் மட்டும் சிரிக்கவில்லை. "இன்னைக்கு வேணாமே," என்றாள். "எல்லாருக்கும் குளிருது. இன்னொரு நாள்..."

"இன்னொரு நாளா! கண்ணு முன்னாடி நிக்குது, போயிட்டு வாம்மா," என்றார் இன்னிஸ்.

ஃபோர்ப்ஸ் கல்லிலிருந்து எழுந்தான். எழுவதற்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது. "நான் வரேன் கூட," என்றான்.

இருவரும் பள்ளத்தில் இறங்கினார்கள். இருவர் மட்டுமாகப் போனதில் முதல் தடவையாக அவள் முன்னாலும் அவன் பின்னாலுமாக. பள்ளத்தின் அடியில் அவன் நின்றான், பாறையொன்றில் சாய்ந்து உட்கார்ந்தான். வருஷக்கணக்காக அடுத்தவர் வீட்டுத் தரையில் மண்டியிட்ட முழங்கால், எவ்வளவுதான் தாங்கும்?

"குளத்துகிட்ட இடது பக்கம் திரும்பின," என்றான்.

"ம்."

"பார்த்தேன்."

"பார்த்துட்டு ஏன் சும்மா வந்த?"

"திருத்தக் கூடாதுன்னு இருக்கே."

அவளால் அதற்கு மேல் முடியவில்லை. "வேணும்னேதான் திரும்பினேன்," என்றாள். "இது முடிஞ்சா நீ வரமாட்ட. வேன் வராத சனிக்கிழமையை என்னால நினைச்சுப் பார்க்க முடியலை. போதுமா? சொல்லிட்டேன். இப்போ சிரி."

ஃபோர்ப்ஸ் சிரிக்கவில்லை. குல்லாயைக் கழற்றினான், மறுபடி போட்டுக்கொண்டான். "ஒண்ணு சொன்னா அடிக்க மாட்டியே?"

"சொல்லு."

"எனக்கு மலைன்னாலே அலுத்துப் போய் ரொம்ப வருஷமாச்சு, எல்ஸ்பெத்."

"என்னது?"

"என்னோடது முடிஞ்ச அன்னைக்கே, இனிமே ஜென்மத்துக்கும் போதும்னு பூட்ஸைக் கழுவிப் பரண்மேல தூக்கிப் போட்டுட்டேன். நீ போன் பண்ணி, கிளென்கோ மலைக்குப் போலாமான்னு கேட்ட. போலாம்னுட்டேன்."

எல்ஸ்பெத்துக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "அன்னையிலேர்ந்தா? ஸ்கை தீவுல கூடாரம் பறந்துச்சே, அது? ஆலங்கட்டி மழையில மண்டை வீங்கினது? இடுப்பளவு பனியில..."

"எதுவுமே எனக்குப் பிடிக்கலை."

"வாயைத் திறந்து சொல்லித் தொலைச்சிருக்கலாமே, மனுஷா!"

"சொன்னா நீ வேற யாரையாவது கூட்டிக்கிட்டுப் போயிருப்ப."

 மேட்டின்மேலிருந்து செங்கா என்னவோ கத்தியது காற்றில் பாதி வந்து கரைந்தது.

"அப்போ உனக்கு என்னதான் பிடிக்கும்?" என்றாள் கடைசியில்.

"உக்காரணும். சூடா ஒரு இடத்துல, ஜன்னலோரமா. காஞ்ச காலுறையோட. எதிர்ல நீ இருக்கணும். அவ்ளோதான்." அவன் உச்சியைக் காட்டினான். "போய்த் தொட்டுட்டு வா. என் முட்டி இதுக்கு மேல வராது. இத்தனை வருஷம் நனைஞ்சது வீணாப் போகக் கூடாது பாரு."

அவள் ஏறினாள். உச்சியில் ஏறி நின்றதும் மறுபக்கம் முழுக்கத் திறந்துகொண்டது. கடல் வரைக்கும் மலைகள், ஒன்றன்பின் ஒன்றாக நீலம் மங்கிக்கொண்டே போயின. ஒவ்வொன்றிலும் அவள் நின்றிருக்கிறாள். மற்ற நாளாயிருந்தால் அங்கேயே நின்று ஒவ்வொன்றாகப் பேர் சொல்லிக்கொண்டிருப்பாள், ஃபோர்ப்ஸ் பல் நடுங்கக் காத்திருப்பான்.

கல்லில் கை வைத்தாள், எடுத்தாள். எதிர் மேட்டில் ஊன்றுகோல்கள் ஆடின. அவள் பதிலுக்குக் கையாட்டவும் மறந்து, சரளைக்கல் உருள உருள ஓடி இறங்கினாள்.

"மெதுவா வா! விழுந்து வைக்காத!" என்று ஃபோர்ப்ஸ் பதறினான்.

"எழுந்திரு, எழுந்திரு," என்றாள் எல்ஸ்பெத், மூச்சு வாங்க அவனுக்குக் கை கொடுத்து. "கீழ டின்ட்ரம் டீக்கடையில ஜன்னலோர மேசை ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு. யாராவது பிடிச்சுடப் போறாங்க."