நோயில்லாதவர் பட்டியலில் நான்

பக்கத்து வீட்டுச் சிவபாலனுக்குக் காலில் இரத்தக்குழாய் அடைப்பு என்று கேட்டபோது அனுதாபப்பட்டேன். வெளிநாட்டு நிதியில் நடக்கும் ஆராய்ச்சிக்கு அவரைத் தெரிவு செய்திருக்கிறார்கள் என்றதும் அனுதாபம் போய்விட்டது. கிழமைக்கொருக்கால் ஒரு இளம் டொக்டர் பிள்ளை போன் எடுத்து அவரைச் சுகம் விசாரிக்கும். கனடாவிலிருக்கும் என் மகன் மாதத்துக்கு ஒருமுறைதான் எடுப்பான்.

"ஒப்பிட்டுப் பார்க்க நோயில்லாத ஆக்களும் வேணுமாம். ஆனா உம்மை ஆர் எடுக்கப்போகினம்?" என்றார் சிவபாலன்.

அது போதும். அடுத்த நாளே வேலணையில் ஆராய்ச்சி நடக்கும் இடத்துக்குப் போய் அவர்கள் முன்னால் இருந்தேன்.

"நடக்கேக்க கெண்டைக்கால் நோகிறதோ ஐயா?" என்று டொக்டர் பிள்ளை கேட்டது.

மண்கும்பான் கடற்கரையில் நூறு யார் தூரம் நடந்தாலே, நோ தாங்காமல் நின்று கடலை ரசிப்பதுபோல நடிக்கிறவன் நான். "இல்லை" என்றேன்.

"சிகரெட்?"

"சீச்சீ."

கையிலும் கணுக்காலிலும் பட்டி சுற்றிப் பிரஷர் பார்த்தது. திரும்பவும் பார்த்தது. "உங்கட கால் வேற கதை சொல்லுது ஐயா. இப்பிடியே விட்டிருந்தா கால் போயிருக்கும்."

"அப்ப என்னை நோயாளிகள் பக்கம் சேருங்கோ."

"பொய் சொன்ன ஆக்களைச் சேர்க்க ஏலாது. கிளினிக்கில காட்டத் துண்டு எழுதித் தாறன்."

இப்போது எந்த டொக்டரிடமும், கேட்காத நோவையும் சேர்த்தே சொல்லுகிறேன். சிகரெட்டை விட்டுவிட்டேன். தினமும் சிவபாலனோடு கடற்கரையில் நடக்கிறேன். நொந்தால் "நோகுது" என்று சொல்லி நிற்கிறேன். சில நாள் அவருடைய போன் அடிக்கும். "ஓம் பிள்ளை, நல்ல சுகம்" என்பார், தேவைக்கதிகமான சத்தத்தில்.

அப்போது மட்டும் நான் கடலைப் பார்க்கிறேன்.