சின்னவளை வீட்டில் விட்டுப்போன நாள்

தோளைப் பார்த்தே சட்டை அளவைச் சொல்லிவிடுவார் தையல்காரர். அந்தக் கண்தான் அவரைக் கவிழ்த்தது. நாள் நிறையும் முன்பே அவருக்கு இரட்டைப் பெண்கள் பிறந்தார்கள். பெரியவள் ஓரளவு தேறிவிட்டாள். சின்னவளையோ அவர் தைத்துப் போட்ட சட்டைக்குள் தேட வேண்டியிருந்தது.

ஒன்றரை மாதத் தடுப்பூசிக்கு நாள் வந்தபோது மனைவிக்குக் காய்ச்சல். அவர்தான் கிளம்பினார். தூங்கிக்கொண்டிருந்த சின்னவளின் தொடையைத் தொட்டுப் பார்த்தார். நாளெல்லாம் ஊசியோடு புழங்குகிற மனிதர், அதில் ஊசி இறங்குவதை நினைத்ததுமே கையை எடுத்துக்கொண்டார். கொஞ்சம் சதை போடட்டும் என்று பெரியவளை மட்டும் தூக்கிக்கொண்டு சுகாதார நிலையத்துக்குப் போனார்.

"இன்னொரு பாப்பா எங்க?" என்று நர்ஸ் கேட்டார்.

"நாளைக்குக் கூட்டிட்டு வரேன்."

அந்த நாளை வரவே இல்லை. நர்ஸ் போன் செய்தபோதும் எடுக்கவில்லை. மனைவியிடம், "எடை ஏறட்டும்னு நர்ஸே சொல்லிட்டாங்க" என்று வாய் கூசாமல் புளுகினார்.

பிறகு அவருக்கு இருமல் வந்தது. துணித் தூசி என்று விட்டுவிட்டார். அது கக்குவான் இருமல், அந்த ஊசி தடுக்கிற நோய். சின்னவளைத் தொற்றியது. இருமி இருமி அவள் நீலம் பாரித்தபோது ஆஸ்பத்திரிக்கு அள்ளிக்கொண்டு ஓடினார்கள். பெரியவள் லேசாக இருமியதோடு சரி.

"குறைமாசக் குழந்தைக்கும் ஊசிக்குப் பிறந்த தேதியிலிருந்துதாங்க கணக்கு. சின்னதா இருக்கிற குழந்தையைத்தான் இந்த நோய் அதிகமா வாட்டும்" என்றார் டாக்டர். தையல்காரர் தரையைப் பார்த்தார். குழாயோடு கிடந்தவளை ஏறிட்டுப் பார்க்க அவருக்கு முகமில்லை. இவள் போய்விட்டால் கொன்றது நான்தான் என்று மனம் அரித்தெடுத்தது. சோறு இறங்கவில்லை.

சின்னவள் பிழைத்துக்கொண்டாள். உடம்பு தேறியதும் ஊசி போட அதே நர்ஸிடம் போனார்கள். மனைவி நர்ஸிடம் சண்டைக்குப் போனாள்.

"நீங்க தள்ளிப்போடச் சொன்னதாலதான் எம்பொண்ணு சாகக் கிடந்தா."

நர்ஸ் தையல்காரரை ஒரு பார்வை பார்த்தார். காட்டிக்கொடுக்கவில்லை. "இப்ப போட்டுடலாம்மா" என்று மருந்தை எடுக்கப் போனார்.

நர்ஸ் திட்டியிருந்தால்கூடத் தையல்காரர் தாங்கியிருப்பார்.

"அவங்க சொல்லலை. நான்தான் பயந்துபோய்ப் பொய் சொன்னேன்."

மனைவி குழந்தையின் காலைப் பிடித்துக்கொண்டாள். ஊசி இறங்கியது. சின்னவள் வீறிட்டு அழுது ஓய்ந்தாள்.

"எனக்கு அப்பவே சந்தேகம்தாங்க" என்றாள் மனைவி, அவர் முகத்தைப் பார்க்காமல். "இவங்களுக்கு ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம். ஊசி வேணாம்னதும் எனக்கும் நிம்மதியா இருந்துச்சு. கேட்காம விட்டுட்டேன்."