கறுப்பு மருதாணியும் காற்றுக் குறைந்த அறையும்

கிள்ளான் பூப்பந்துப் போட்டிக்கு இரண்டு வாரம் இருந்தது. இரட்டையர் ஆட்டத்தில் என் ஜோடி மனைவியின் தம்பி. மூன்றாவது செட்டில் நான் வாயைப் பிளந்து நிற்பதைப் பார்த்துப் பார்த்து அவனுக்கு அலுத்துப்போயிருந்தது. சுபாங் ஜெயாவில் ஆக்சிஜனைக் குறைத்து வைத்த பயிற்சி அறை ஒன்றைக் கண்டுபிடித்து, "அங்க பத்து ரவுண்டு முடிச்சாத்தான் உங்களோட ஆடுவேன் மச்சான். இல்லன்னா பிரிக்ஃபீல்ட்ஸ்ல வேற ஆள் இருக்கு" என்றுவிட்டான்.

இருக்கிற காற்றே எனக்குப் பத்தவில்லை. அதையும் குறைத்தால் எப்படித் தேறுவேன் என்று எவனும் விளக்கவில்லை.

ஆளுக்கொரு சைக்கிள். சில வினாடி உயிரைக் கொடுத்து மிதிக்க வேண்டும், கொஞ்சம் மூச்சு விடலாம், மறுபடி மிதி. ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று காட்ட விரலில் ஒரு கிளிப். "எண்பதுக்குக் கீழ போனா பட்டனை அமுக்குங்க அங்கிள்" என்றாள் பயிற்சியாளர் பெண். அந்த அங்கிளிலேயே பாதி மூச்சு போயிற்று.

நாலாவது ரவுண்டில் குனிந்து பார்த்தேன். எழுபத்தொன்று.

கண்ணீர் அஞ்சலிக்கு எந்தப் போட்டோவைப் போடுவார்கள் என்பதுதான் முதல் கவலை. இருப்பது பாஸ்போர்ட் படம் ஒன்று. அதில் கண் பாதி மூடியிருக்கும். பட்டனை அமுக்கினேன். ஒரு முறை இல்லை, ஐந்து முறை.

அவள் கதவைத் திறந்து ஓடிவந்தாள். வீட்டுப் பத்திரம் எந்த அலமாரியில் இருக்கிறது என்று பக்கத்து சைக்கிளில் இருந்த மச்சானுக்கு விளக்கிக்கொண்டிருந்தேன்.

"சாகப்போற ஆளு இவ்ளோ பேச மாட்டாங்க அங்கிள்" என்று என் விரலைப் பிடித்துப் பார்த்தாள். "இது என்ன, கறுப்பா?"

கொழுந்தியாள் கல்யாணத்துக்காக மனைவி மஸ்ஜித் இந்தியா கடைத்தெருவில் வாங்கிய கறுப்பு மருதாணி. கோன் ஒழுங்காக வருகிறதா என்று முந்தின நாள் என் விரலில்தான் பிதுக்கிப் பார்த்தாள், நகம் மூட.

"கறுப்பு மருதாணி மேல கிளிப் தப்பாக் காட்டும்லா." மற்றக் கையில் மாட்டினாள். தொண்ணூறு.

கதவு திறந்ததால் வெளிக்காற்று புகுந்துவிட்டது. இருவருக்கும் முதலிலிருந்து எண்ண வேண்டும்.

மச்சான் கைப்பிடியில் நெற்றியை வைத்துக்கொண்டான். "எனக்கும் சேர்த்துப் போச்சு. மருதாணிக்கு மணி அடிச்ச மனுஷன் இந்த மலேசியாவிலேயே நீங்க ஒருத்தர்தான்."

இந்த முறை எங்களுக்கு நடுவிலிருந்த பட்டனை அவன் உள்ளங்கையால் மூடிக்கொண்டே மிதித்தான். ஒன்பதாவதில் அந்தக் கையைக் கடிக்கலாமா என்றுகூட யோசித்தேன். பத்தும் முடிந்தது.

தரையில் மல்லாந்து கிடந்த என்னைப் பார்த்து அவன் சொன்னான்: "சரி, நீங்களே ஆடுங்க. ஆனா போட்டி முடியிற வரைக்கும் அக்கா உங்க கையத் தொடக்கூடாது. நானே போன் பண்ணிச் சொல்றேன்."