எண்ணூரிலிருந்து தூத்துக்குடிக்கு ஒன்றரை மணி நேரமா?

சென்ற மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, அதிகாலை பஜர் தொழுகைக்குப் பிறகு போன் வந்தது. காயல்பட்டினத்தில் என் மாமனார் இறந்துவிட்டார். மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கம். அதற்குள் வாப்பாவின் முகத்தைப் பார்த்துவிட வேண்டும் என்று என் மனைவி ரஹ்மத் அழுதாள்.

இணையத்தில் தேடினேன். சென்னை விமான நிலையத்திலிருந்து தூத்துக்குடிக்கு வான்வழியில் சுமார் 530 கிலோமீட்டர், ஒன்றரை மணி நேரம். பதினொன்றரை விமானத்தைப் பிடித்தால் இரண்டரைக்குள் வீட்டில் இருக்கலாம். எண்ணூரில் எங்கள் வீட்டிலிருந்து மீனம்பாக்கம் நாற்பது கிலோமீட்டர்கூட இல்லை. எட்டு மணிக்கே வாடகைக் காரில் ஏறிவிட்டோம்.

எர்ணாவூர் தாண்டவில்லை. கண்டெய்னர் லாரிகள் மூன்று வரிசையாக நின்றன. துறைமுகத்துக்குப் போகிறவை சாலையையே நிறுத்துமிடமாக ஆக்கிவிட்டன. இந்தச் சாலையில் நாங்களும் குடியிருக்கிறோம் என்பது யாருக்காவது நினைவிருக்கிறதா?

"டெய்லி இப்டித்தான் கீது சார். ஆம்புலன்ஸே மாட்டிக்கினு நிக்குது, நம்மள எவன் வுடுவான்?" என்றார் டிரைவர். ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றபின் அவரே சொன்னார்: "எறங்கி நடந்துடு நைனா. விம்கோ நகர்ல மெட்ரோ புடி. வண்டிய நம்பாத."

பெட்டியை என் தலையில் வைத்துக்கொண்டு நடந்தேன். லாரிச் சக்கரங்களுக்கு நடுவில், புழுதி படிந்த புர்காவைத் தூக்கிப் பிடித்தபடி, ரஹ்மத் எனக்கு முன்னால் ஓடினாள்.

மெட்ரோ சொன்ன நேரத்துக்குக் கொண்டுபோய் விட்டது. ஆனால் கவுன்டர் மூடிச் சில நிமிடங்கள் ஆகியிருந்தன. "கேட் இன்னும் திறந்துதானே இருக்கு!" என்று கத்தினேன். அந்தப் பெண் ஊழியர் தலை குனிந்து, "மன்னிச்சுக்குங்க சார், சிஸ்டம் ஏத்துக்காது" என்றார். அவரிடம் கத்தி என்ன பயன்? யாரிடம் கத்த வேண்டுமோ அவர்கள் யாரும் அங்கே இல்லை.

அடுத்த விமானம் அஸருக்கு முன் போய்ச் சேராது. ரஹ்மத்தின் அண்ணன் அழைத்தார். "தங்கச்சி, மய்யித்த ரொம்ப நேரம் வச்சிருக்கக் கூடாதும்மா. என்ன செய்ய?"

"எனக்காக வைக்காதீங்க காக்கா. எடுத்துருங்க" என்றாள். பிறகு விமான நிலையத் தரையில் உட்கார்ந்து, வீடியோ காலில் வாப்பாவின் முகத்தைப் பார்த்தாள். சிக்னல் விட்டுவிட்டு வந்தது.

எண்ணூர்ப் பக்கத்திலிருந்து விமானம் பிடிப்பவர்களுக்கு: காரை நம்ப வேண்டாம். புறநகர் ரயிலில் விம்கோ நகர் வந்து மெட்ரோ ஏறுங்கள். ஐம்பது, அறுபது ரூபாயில் முடிந்துவிடும். விமானத்துக்கு நான்கு மணி நேரம் முன்பே கிளம்புங்கள். அவசரச் சாவுக்கு அப்படிக் கிளம்ப முடியுமா என்று கேட்காதீர்கள். அதைத்தான் நானும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

இரவு பஸ்ஸில் போய், மறுநாள் காலை காயல்பட்டினத்தில் இறங்கினோம். நான் மைத்துனருடன் கபருஸ்தானுக்குப் போனேன். அந்த ஊரில் பெண்கள் அடக்கத்தலத்துக்குப் போவதில்லை. திரும்பி வந்தபோது, வாப்பா படுத்திருந்த கட்டிலின் தலைமாட்டில் ரஹ்மத் உட்கார்ந்திருந்தாள். விரிப்பை யாரோ ஏற்கெனவே துவைத்துப் போட்டுவிட்டிருந்தார்கள்.